பத்து மணிக்குப் பிறகு பிள்ளைகளை என்ன செய்வது?

கல்முனைப் பக்கத்தில் ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டரை வயது முதல் ஐந்து வயது வரை பதினான்கு பிள்ளைகள். ஒரு சின்ன ஹோல், மணல் வளவு, பொறுப்புக்கு இரண்டு பேர். காலையில் வரும்போது நன்றாகத்தான் இருக்கிறார்கள். பத்து மணி தாண்டினால் கதிரையில் ஏறுகிறார்கள், தள்ளுகிறார்கள், ஒன்றிரண்டு பேர் கடிக்கவும் செய்கிறார்கள். கைவேலைக்கு உட்கார வைத்தால் ஐந்து நிமிடத்தில் கம் எல்லாம் தலைமயிரில். காசு செலவில்லாத விளையாட்டும் கைவேலையும் சொல்லுங்கள், பதினொரு மணிக்குக் கார்ட்டூன் போட்டுவிட்டால் பிழையா என்பதையும் சொல்லுங்கள் என்கிறார்.

விளையாட்டுப் பட்டியல் கேட்பதுபோல இருந்தாலும், கேள்விக்குள்ளே இருப்பது வேறு. இந்தப் பிள்ளைகளைக் களைக்க வைத்து அடக்குவது எப்படி என்பதுதான் அது. முன்பள்ளி ரீச்சராகத் தொடங்கி, இப்போது மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். போகிற இடமெல்லாம் இதே கேள்விதான். விளையாட்டும் சொல்கிறேன், கைவேலையும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று: பிள்ளைகள் குழப்படி செய்கிற நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அவர்கள் கடிப்பதில்லை. வரிசையில் நிற்கும்போதும், ரீச்சர் கடுதாசி வெட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கும்போதும்தான் கடிக்கிறார்கள். சும்மா காத்திருப்பதுதான் அவர்களால் முடியாத வேலை. மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டு நிமிடம் என்பது நமக்கு வங்கி வரிசையில் அரை மணித்தியாலம் நிற்பது மாதிரி.

உங்கள் நிலையத்தில் கை கழுவும் நேரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பைப், பதினான்கு பிள்ளைகள். ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றால் கடைசிப் பிள்ளை 13 நிமிடம் நிற்கிறது. இது ஒரு நாளில் மூன்று நான்கு தடவை நடக்கிறது. அந்த வரிசையில்தான் தள்ளுமுள்ளு தொடங்கும், நீங்களே பாருங்கள். ஒரு ரீச்சர் நான்கு நான்கு பேராகக் கழுவக் கூட்டிப் போகட்டும். மற்றவர் மிச்சப் பேரோடு ஏதாவது விளையாடிக்கொண்டிருக்கட்டும். பைப்புக்குப் போகிற வழியையே விளையாட்டாக்கலாம்: இன்றைக்கு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போவோம், நாளைக்கு யானை மாதிரித் தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு போவோம், அடுத்த நாள் வாவிக் கரைக் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்று நின்று போவோம். அம்பாறைப் பிள்ளைக்கு யானை நடக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

ஆகவே எந்த விளையாட்டைத் தெரிவு செய்தாலும், எந்தக் கைவேலையை எடுத்தாலும், ஒரே கேள்வியால் அளந்து பாருங்கள்: இதில் ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் சும்மா நிற்கும்? விடை அதிகமென்றால், அந்த விளையாட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வயதுக்கு வேண்டாம்.

இனி, உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு இருக்க வேண்டும் என்பது அதில் உள்ளது. ஒன்று, இரண்டு வயதுக்கும் அதே 180 நிமிடம்தான், வேகம் மட்டும் எப்படியும் இருக்கலாம். திரை பார்ப்பது இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. இது வீட்டில் பார்ப்பதையும் சேர்த்த கணக்கு. காலையில் சாப்பாடு ஊட்டும்போது ஒரு போன், இரவு அம்மா சமைக்கும்போது ஒரு போன் என்று பெரும்பாலான பிள்ளைகள் அந்த ஒரு மணித்தியாலத்தை வீட்டிலேயே முடித்துவிடுகிறார்கள். எனவே பதினொரு மணிக் கார்ட்டூன் வேண்டாம். அதில் அவர்கள் அமைதியாக இருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் நிறுத்தியவுடன் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த 180 நிமிடத்தை ஒரே மூச்சில் செய்யத் தேவையில்லை, நாள் முழுக்கப் பிரித்துக்கொள்ளலாம். நம்முடைய வெயிலில் பிரித்தே ஆக வேண்டும். கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து வரும் சூடான காற்று, அடிக்கிற மாதங்களில் பத்து மணிக்கே மணல் கால் சுடும். இரும்புச் சறுக்கு இருந்தால் அது தொடையைச் சுட்டுவிடும். வெளியில் ஓடுவதை எட்டு மணியிலிருந்து ஒன்பதரைக்குள் முடியுங்கள். பிறகு தண்ணீர், சிற்றுண்டி, அதன் பின் உள்ளே. பின்னேரம் நித்திரை விட்டு எழும்பி, கடற்காற்று வரத் தொடங்கிய பிறகு, மறுபடியும் வெளியே. பத்து மணிக்குப் பிறகு குழப்படி என்கிறீர்கள். உங்கள் காலைத் திட்டம் எப்படி என்று எழுதவில்லை, ஆனால் நான் பார்த்த பல நிலையங்களில் பிள்ளைகள் வந்ததிலிருந்து பத்து மணிவரை பாயில் உட்கார்ந்து அ, ஆ எழுதுகிறார்கள், எல்லோரும் வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறார்கள். வெளியே போகலாம் என்கிறபோது வெயில் ஏறிவிடுகிறது. அந்த ஒழுங்கைத் திருப்பிப் போட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

வெளி விளையாட்டில் நான் முதலில் சொல்லிக் கொடுப்பது கரைவலை. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்கள். ஒரு நீளக் கயிறு எடுங்கள், கை சுடாத பருத்திக் கயிறு அல்லது முறுக்கிய பழைய சீலைகள். ஒரு அரிசி பேக்கில் கால்வாசிக்கு மணல் போட்டு வாயைக் கட்டி கயிற்றின் நுனியில் பிணைத்துவிடுங்கள். பிள்ளைகள் கயிற்றின் இரு பக்கமும் நின்று, ஏலேலோ என்று ரீச்சர் குரல் கொடுக்க, ஒன்றாக இழுத்துக்கொண்டு பின்னுக்குப் போக வேண்டும். பேக் கரைக்கு வந்ததும் அதன் மேல் வைத்த மீன்களை, அதாவது வெட்டிய கடுதாசி மீன்களையோ பூவரசம் இலைகளையோ, ஆளுக்கொன்றாக எடுத்துப் போய் வாளியில் போட வேண்டும். பிறகு இரண்டு பெரிய பிள்ளைகள் பேக்கை மறுபடி கடலுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். இதில் ஒருவரும் சும்மா நிற்பதில்லை, ஒருவரும் தோற்பதில்லை. இரண்டரை வயதுப் பிள்ளை உண்மையில் இழுப்பதே இல்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கும், ஆனால் தான்தான் இழுத்தேன் என்று நம்பும். மணலின் அளவை நீங்கள் கூட்டிக் குறைக்கலாம். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ள மட்டும் விட வேண்டாம்.

இரண்டு பக்கமாகப் பிரிந்து கயிறு இழுப்பதும் பெரிய பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கொம்புத் தடிகளைக் கொளுவி இரு பக்கமும் இழுக்கிற கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்று ஊர் பிரிகிற மாதிரி இவர்களும் பெயர் வைத்துக்கொண்டு இழுக்கலாம். ஆனால் நான்கு வயதுக்குக் குறைந்தவர்களை இதில் சேர்க்காதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் முழங்கை மூட்டு, கையைப் பிடித்துச் சட்டென்று இழுத்தால் சற்று விலகிவிடக்கூடியது. பிள்ளையின் இரு கையையும் பிடித்துச் சுழற்றி விளையாடுவதும், ஒற்றைக் கையைப் பிடித்துத் தூக்குவதும் அதனால்தான் கூடாது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று ஒரு கையை அசைக்காமல் தொங்கவிட்டுக்கொண்டு அழுதால், எண்ணெய் தடவி உருவிவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

அடுத்தது கடல், வாவி, பாலம். குளம் கரை விளையாட்டை நம் ஊருக்கு மாற்றியதுதான். மணலில் நீளமாக ஒரு கோடு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. ரீச்சர் கடல் என்றால் அந்தப் பக்கம் குதிக்க வேண்டும், வாவி என்றால் இந்தப் பக்கம், பாலம் என்றால் கோட்டின் மேல் அசையாமல் நிற்க வேண்டும். சரியாகப் பிடிபட்ட பிறகு தலைகீழாக்குங்கள்: இனிக் கடல் என்றால் வாவிக்குள் குதிக்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்து விழுவார்கள். பிழையாகக் குதித்தவரை வெளியே அனுப்பாதீர்கள், அவரும் சிரித்துவிட்டுத் தொடரட்டும்.

இந்த வெளியே அனுப்புகிற பழக்கம்தான் சங்கீதக் கதிரையின் குறை. முதலாவதாக வெளியே போகிற பிள்ளை யார்? அதிகம் ஓட வேண்டிய, அடங்காத, கவனம் சிதறுகிற அந்த ஒருவர்தான். அவரை மூலையில் உட்கார வைத்து மற்றவர்கள் விளையாடுவதைப் பார் என்கிறோம், பிறகு அவர் குழப்புகிறார் என்கிறோம். கதிரையை எடுங்கள், பிள்ளையை எடுக்காதீர்கள். கதிரைக்குப் பதிலாகப் பாய்த் துண்டுகள் போட்டு, பாட்டு நிற்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரு பாயைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் எல்லோரும் ஒன்றிரண்டு பாயில் நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்று வைத்தால் அதே விளையாட்டுத்தான், அழுகை மட்டும் இல்லை. தேசிக்காய் ஓட்டத்தையும் இருவர் இருவராக வைக்காமல் எல்லோரையும் ஒன்றாக விடுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு யானைப் படத்துக்குக் கண் வைப்பது புத்தாண்டு விழாவுக்குச் சரி, தினசரிக்கு உதவாது. ஒருவர் கண் வைக்கப் பதின்மூன்று பேர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

தனியாக ஓடுகிற பிள்ளைகளுக்குப் பழைய சைக்கிள் ரயரும் ஒரு தடியும் போதும். பனங்காய்க் காலத்தில் இரண்டு பனங்காயை ஒரு தடியால் இணைத்து, கவைத் தடியால் தள்ளுகிற பனங்காய் வண்டி செய்து கொடுக்கலாம். கடைச் சாமான் எதுவும் அதற்கு ஈடில்லை, இது என் சொந்தப் பக்கச்சார்பு. சிரட்டையில் துளையிட்டுக் கயிறு கட்டி அதன் மேல் ஏறி நடப்பது நாலு வயதுக்கு மேல். அதற்குக் கீழே இருப்பவர்களுக்குச் சிரட்டையால் மணல் அள்ளிக் கொட்டுவதே பெரிய விளையாட்டு. மணலை இரவில் ஒரு படங்கால் மூடி வையுங்கள், நாயும் பூனையும் அங்கேதான் வரும்.

இப்போது சற்றுச் சந்தேகத்துக்குரிய பகுதி. பாரம் இழுத்தல், தள்ளுதல், சுமத்தல் போன்றவை பிள்ளைகளை அமைதிப்படுத்தும் என்று தொழில்வழிச் சிகிச்சை செய்பவர்கள் சொல்வார்கள். கரைவலைக்குப் பிறகு பிள்ளைகள் கொஞ்சம் தணிந்து வருவதை நானும் பார்க்கிறேன். ஆனால் இதற்கு ஆய்வுச் சான்று வலுவாக இல்லை. பலன் பாரத்தால் வந்ததா, நன்றாக விளையாடிய சந்தோஷத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. சொல்லைக் கேட்டு நிற்பதும் தொடங்குவதும் எதிர்மாறாகச் செய்வதுமான விளையாட்டுகள் பற்றி 2011இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் தொடக்கத்தில் தன்னை அடக்கிக்கொள்வதில் பின்தங்கியிருந்த பிள்ளைகள் முன்னேறினார்கள். உங்களுக்குத் தேவையானவர்கள் அவர்கள்தானே. சீனி கூடினால் பிள்ளை துள்ளும் என்று அம்மாமார் உறுதியாகச் சொல்வார்கள். 1995இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அப்படி ஒரு விளைவு தெரியவில்லை. பிறந்தநாள் வீட்டில் பிள்ளை துள்ளுவது கேக்கால் அல்ல, பிறந்தநாளால் என்றுதான் நான் நினைக்கிறேன். பல்லுக்காகச் சீனியைக் குறையுங்கள், அது வேறு கதை.

ஓட்டத்திலிருந்து நேராகக் கைவேலைக்குக் கொண்டுபோகாதீர்கள். கம் தலைமயிருக்குப் போவது அப்போதுதான். நடுவில் ஒரு பத்து நிமிடம் இறங்குபடி வேண்டும்: தண்ணீர் குடிப்பது, நிழலில் உட்கார்ந்து நண்டூருது நரியூருது, சாய்ந்தாடுவது, ரீச்சர் குரலைப் படிப்படியாகக் குறைத்துக் கடைசியில் இரகசியம் மாதிரிப் பேசுவது. கத்திக் கத்தி அமைதியாக்க முடியாது. குரலைத் தாழ்த்தினால் என்ன சொல்கிறார் என்று கேட்கக் கிட்ட வருவார்கள்.

கைவேலைக்குப் பதினான்கு பேரையும் ஒன்றாக உட்கார வைக்க வேண்டாம். ஒரு ரீச்சரோடு ஐந்தாறு பேர் மேசையில், மற்றவரோடு மிச்சப் பேர் கட்டை அடுக்கவோ கதை கேட்கவோ போகட்டும், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். சாமான் எல்லாம் பிள்ளைகள் வருவதற்கு முன்பே மேசையில் இருக்க வேண்டும், ஆளுக்கொரு தட்டாக. பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளை முடிந்தது என்று எழும்பினால் விட்டுவிடுங்கள், அது முடிந்ததுதான்.

மட்டக்களப்பில் எந்த வீட்டிலும் வெறும் தயிர்ச்சட்டி இருக்கும். அம்மாமாரிடம் கேட்டால் ஒரு கிழமையில் உங்களுக்கு வைக்க இடம் இருக்காது. மண்சட்டி பாலை உறிஞ்சியிருக்கும், அதனால் சுடுநீரில் ஊறவைத்துத் தேய்த்து இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு வரும். விளிம்பு உடைந்து கூராக இருந்தால் கல்லில் உரசிவிடுங்கள். முதல் நாள் பெயின்ற் வேண்டாம். ஒரு பழைய பிரஷும் யோகட் கப்பில் தண்ணீரும் மட்டும் கொடுங்கள். காய்ந்த சட்டியில் தண்ணீர் பட்ட இடம் கடும் சிவப்பாக மாறும், வெயிலில் வைத்தால் சற்று நேரத்தில் மறைந்துவிடும். மறைந்ததும் மறுபடி பூசுவார்கள். உடுப்பு அழுக்காகாது, பிழை என்று ஒன்றில்லை, முடிவும் இல்லை. சட்டி இல்லாவிட்டால் சீமெந்துச் சுவரே போதும். இரண்டாவது நாள் சோக்கால் சட்டியில் கீறுவது, மூன்றாவது நாள் வேண்டுமானால் நிறம், பிறகு அடியில் துளையிட்டு மண் போட்டுக் கீரை விதைப்பது. ஒரே சட்டி ஒரு மாதம் ஓடும்.

பிசையும் மாவும் நீங்களே செய்யலாம். இரண்டு கப் கோதுமை மா, ஒரு கப் தூள் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், தண்ணீர் ஒரு கப்புக்குச் சற்றுக் குறைவாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். மஞ்சள் தூள் மஞ்சளுக்கு, பீற்றூட் அவித்த தண்ணீர் சிவப்புக்கு, வல்லாரை அரைத்த சாறு பச்சைக்கு. மஞ்சள் வெள்ளை உடுப்பில் பட்டால் போகாது என்பதை அம்மாமார் உங்களுக்குச் சொல்லுமுன் நீங்கள் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். உப்பு அதிகம் என்பதால் ஒரு நக்கு நக்கிவிட்டுத் துப்புவார்கள், ஆனால் பச்சை மாவும் இத்தனை உப்பும் விழுங்கக் கூடியவை அல்ல, பக்கத்தில் இருங்கள். மழைக் காலத்தில் உப்பு ஈரத்தை இழுத்து மா இளகிவிடும், இறுக்கமான பேணியில் போட்டு வையுங்கள், மணம் மாறினால் எறிந்துவிடுங்கள். மா விலை கட்டாது என்றால் வயல் ஓரத்துக் களிமண் இன்னும் மேல், கல், கண்ணாடி இல்லாமல் பார்த்து எடுத்தால் போதும்.

கச்சான் காற்று தொல்லை மட்டுமல்ல, தென்னோலைக் காற்றாடிக்கு அதைவிட நல்ல காற்று இல்லை. ஈர்க்கை உரித்தெடுத்த இரண்டு ஓலைத் துண்டுகளை ஒன்றை ஒன்று கவ்வும்படி மடித்து நாலு இதழாக விரித்து, நடுவில் ஈர்க்கைச் செருகினால் காற்றாடி. மடிப்பது உங்கள் வேலை, பிடித்துக்கொண்டு ஓடுவது அவர்கள் வேலை. ஈர்க்கின் நுனியை மடித்து செலோடேப் சுற்றுங்கள், கண்ணுக்கு எமன் அது. ஓலைப் பாம்பு, மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் உங்கள் ஊர் அம்மம்மா யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். மாதம் ஒருநாள் அவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பூவரசம் இலைப் பீப்பீயை மட்டும் வீட்டுக்குப் போகிற நேரத்தில் கொடுங்கள்.

நீங்கள் கல்முனைப் பக்கம் என்பதால் ஒன்று: மருதமுனையில் தறிக்காரர்களிடம் கழிவு நூல் இருக்கும். அட்டை ஓரத்தில் பல் பல்லாக வெட்டி, நூலை மேலும் கீழுமாகச் சுற்றிக் கட்டிக் கொடுத்தால் நாலரை, ஐந்து வயதுப் பிள்ளைகள் குறுக்கே கோத்து நெய்வார்கள். சின்னவர்களுக்கு நீள நூல் கொடுக்காதீர்கள், கழுத்தில் சுற்றும். துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்தால் பசை தடவிய தாளில் ஒட்டுவார்கள். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி நிறத்தில் தோய்த்து அச்சுக் குத்துவது பழைய வேலைதான், ஆனால் வாழைத்தண்டை வெட்டிக் குத்திப் பாருங்கள், உள்ளே இருக்கிற கண்ணறைகள் தாளில் விழுவது பெரியவர்களுக்கே பார்க்க ஆசையாக இருக்கும். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாதவர்கள் பழைய பத்திரிகையைக் கிழிக்கட்டும். கிழிப்பது அவர்களுக்கு எப்போதும் பிடித்த வேலை, இங்கே அனுமதியோடு கிடைக்கிறது.

இதில் பெற்றோர் பக்கமிருந்து ஒரு தொல்லை வரும். இன்றைக்கு என்ன எழுதினாய் என்றுதான் பிள்ளையைக் கேட்பார்கள். நிலையங்களும் அதற்குப் பயந்து, ரீச்சரே வெட்டி ரீச்சரே ஒட்டிய வண்ணத்துப்பூச்சியைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகின்றன. பதினான்கு வண்ணத்துப்பூச்சியும் ஒரே மாதிரி இருந்தால் அது உங்கள் கைவேலை, பிள்ளையின் கைவேலை அல்ல. நம் நாட்டில் ஐந்து வயது முடிந்த பிறகுதான் முதலாம் ஆண்டு. பென்சில் பிடிக்கத் தேவையான விரல் பலம் அதற்கு முன்பு பிசைவதிலும் கிழிப்பதிலும் மணல் அள்ளுவதிலும்தான் வருகிறது. இதை ஒரு தாளில் நாலு வரியாக எழுதி வாசலில் ஒட்டிவிடுங்கள், ஒவ்வொரு அம்மாவுக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட லேசு.

ஆபத்துப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மூன்று வயதுக்குக் குறைந்தவர்களின் விளையாட்டுச் சாமான்கள் தொண்டையில் அடைக்குமா என்று சோதிக்கிற குழாயின் வாய் ஏறக்குறைய 32 மில்லிமீற்றர் அகலம். ரொய்லற் பேப்பர் சுற்றி வரும் அட்டைக் குழாய் அதைவிடச் சற்றுப் பெரிது. அதற்குள் போகிற எதையும் சின்னவர்கள் இருக்கிற இடத்தில் வைக்காதீர்கள் என்றால் கணக்கு எளிது. புளியங்கொட்டை, போளை, மணி, குரும்பட்டி எல்லாம் இதில் அடங்கும். இரண்டரையும் ஐந்தும் ஒரே ஹோலில் என்பதால் சின்ன வயதின் அளவே எல்லோருக்கும். பலூன் வெடித்த துண்டு இன்னும் மோசம், நான் பலூனே வாங்க விடுவதில்லை. குன்றிமணி பார்க்க அழகாக இருக்கிறது என்று ஒட்டுவேலைக்கு எடுக்கிறார்கள். அது கடும் நஞ்சு, வளவில் கொடி இருந்தால் பிடுங்குங்கள். மஞ்சள் அலரி மரமும் அப்படித்தான். தண்ணீர் விளையாட்டு முடிந்தவுடன் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள், சில அங்குலத் தண்ணீரில்கூடப் பிள்ளை மூழ்கும். சிரட்டையும் யோகட் கப்பும் சட்டியும் வெளியே கிடந்து மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்கு அதுவே போதும். முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள்தான் எடுக்கும், ஆகவே கிழமைக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்க்கிற நாள் ஒன்றை வையுங்கள். பீ.எச்.ஐ. (பொது சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்க்கும் வரை காத்திருக்காதீர்கள்.

கடிக்கிற பிள்ளையைப் பற்றி. இரண்டு, மூன்று வயதில் சொல் வராதபோது பல் வரும், அது சாதாரணம். நெருக்கடியான இடமும் ஒரே ஒரு நல்ல சாமானும் இருந்தால் கூடும். அதே சாமான் இரண்டு மூன்றாக வையுங்கள், கடிபட்ட பிள்ளையை முதலில் கவனியுங்கள், கடித்தவரைத் திருப்பிக் கடிக்கிற பழைய வைத்தியம் வேண்டாம். ஆனால் ஒரு பிள்ளை எந்த விளையாட்டிலும் ஒரு நிமிடம்கூட நிற்காமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாமல், மற்றவர்களைவிடப் பேச்சுக் குறைவாக இருந்தால், அதை எழுத்தில் படித்து நான் ஒன்றும் சொல்ல முடியாது, நீங்களும் அதீத துடிப்பு (ADHD) என்று பெயர் வைக்க வேண்டாம். நான் வைத்தியர் அல்ல. நாலு வயதுக்கு முன் அதை நிச்சயமாகச் சொல்வது வைத்தியர்களுக்கே கடினம். காது கேட்காத பிள்ளைகூட அடங்காத பிள்ளை போலத் தெரியும். என்ன நேரத்தில் என்ன செய்கிறது என்று இரண்டு கிழமை குறித்து வைத்து, அந்தக் குறிப்போடு குடும்பநல உத்தியோகத்தரைப் பார்க்கும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். கிளினிக்கில் பார்த்து, தேவையென்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

மாரி தொடங்கினால் இந்த வெளித் திட்டம் எல்லாம் நனைந்துவிடும், கார்த்திகை, மார்கழியில் நாள் கணக்கில் வெளியே போக முடியாது. அப்போதும் அந்த 180 நிமிடம் குறைவதில்லை. ஹோலில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பாயைச் சுருட்டி வைத்துத் தாண்டவும், மேசைக்குக் கீழே ஊர்ந்து போகவும், தலையணை மேல் நடக்கவும் ஒரு வட்டப் பாதை போடுங்கள். வட்டமாக இருந்தால் வரிசை உண்டாகாது, இது முக்கியம். பழைய பத்திரிகையைக் கசக்கிப் பந்தாக்கி, நடுவில் ஒரு சீலையைக் கட்டி, இரு பக்கமும் நின்று எறிந்துகொள்வது சத்தமான விளையாட்டு, ஆனால் யாருக்கும் நோகாது. அள்ளி எடுப்பதும் விளையாட்டில் சேர்ந்ததுதான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே கிழமையில் தொடங்காதீர்கள். முதலில் வெளி நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள், கை கழுவும் வரிசையை உடையுங்கள், ஒரே ஒரு விளையாட்டு, ஒரே ஒரு கைவேலை. ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்பச் செய்தால் உங்களுக்குத்தான் அலுக்கும், அவர்களுக்கு அலுக்காது. உங்கள் வளவில் நிழல் மரம் எத்தனை, பைப் எத்தனை, பிள்ளைகள் எத்தனை மணிக்கு வந்து சேர்கிறார்கள் என்று எழுதினால் நேர ஒழுங்கை இன்னும் குறிப்பாகச் சொல்லலாம்.